மடையை அடைத்தால் கோரை சாகுமா?

கசகசாவை நாம் குருமாவுக்கு அரைப்போம், பாயசத்தில் போடுவோம். 1901-ஆம் ஆண்டு பாரிஸில் மார்செல் கெர்பே என்ற மருந்தாளர் அதே கசகசாவின் எண்ணெயில் அயோடினைச் சேர்த்து ஒரு திரவம் தயாரித்தார். லிப்பியோடால் என்று பெயர். எக்ஸ்ரே ஊடுருவ முடியாத எண்ணெய் அது. உடலுக்குள் எங்கே போனாலும் படத்தில் தனியாகத் தெரியும். நூற்றாண்டைத் தாண்டியும் அந்த எண்ணெய் இன்று கல்லீரல் புற்றுநோய்ச் சிகிச்சையில் முக்கியமான இடத்தில் இருக்கிறது. மருத்துவமனையில் “டேஸ் செய்ய வேண்டும்” என்று சொன்னால், பெரும்பாலும் இந்தக் கசகசா எண்ணெயோடு புற்றுநோய் மருந்தைக் கலந்து கட்டிக்குப் போகும் ரத்தக் குழாயில் செலுத்தி, பிறகு அந்தக் குழாயையே அடைத்துவிடப் போகிறார்கள் என்று பொருள்.

கேட்பதற்கு எளிமையான யோசனை. ரத்தம் போகாவிட்டால் ஆக்சிஜன் போகாது, ஆக்சிஜன் போகாவிட்டால் கட்டி செத்துவிடும். பெரும்பகுதி உண்மையும் அதுதான். ஆனால் வயல்காரர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். மடையை அடைத்து நிலத்தைக் காயப்போட்டால் பயிர் முதலில் வாடும். மேலே தெரிகிற கோரையும் கருகிவிடும். மண்ணுக்குள் இருக்கும் கோரைக்கிழங்கு மட்டும் சாகாமல் கிடக்கும். கட்டியிலும் ஒரு கிழங்கு இருக்கிறது. அது மூச்சுத் திணறும்போது என்ன செய்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் கல்லீரலின் பாசனத்தைப் பார்த்துவிடலாம். மற்ற உறுப்புகளுக்குப் பெரும்பாலும் ஒரே வகை வரவு, அதாவது தமனி. கல்லீரலுக்கோ இரண்டு வாய்க்கால். குடலிலிருந்து உணவுச் சத்தைச் சுமந்து வரும் போர்ட்டல் சிரை ஒன்று. இதயத்திலிருந்து புதிய ரத்தத்தைக் கொண்டுவரும் கல்லீரல் தமனி இன்னொன்று. கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறத்தாழ 75 சதவீதம் போர்ட்டல் சிரை வழியாகவே வருகிறது. ஆனால் அது குடலைச் சுற்றிவிட்டு வரும் ரத்தம். ஆக்சிஜனில் ஒரு பங்கை ஏற்கெனவே செலவழித்திருக்கும். அளவில் குறைவாக வந்தாலும் தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு அதிகம். ஆகவே ஆக்சிஜன் கணக்கில் இரண்டும் கிட்டத்தட்ட ஆளுக்குப் பாதி.

கல்லீரல் செல்களிலேயே தொடங்கும் புற்றுநோய்க் கட்டி இந்த ஏற்பாட்டைப் பின்பற்றுவதில்லை. வளர வளர அது தனக்கென்று புதிய குழாய்களை வரவழைத்துக்கொள்கிறது. அவை ஏறக்குறைய முழுவதும் தமனியிலிருந்து கிளைப்பவை. கல்லீரல் கட்டிகள் தமனியை நம்பியே வாழ்கின்றன என்பதை 1954-இல் பிரீடிஸ், யங் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். சிகிச்சையின் அடித்தளமே இந்த ஒரு வேறுபாடுதான். தமனியை அடைத்தால் கட்டி பட்டினி கிடக்கும். சுற்றியுள்ள கல்லீரல் போர்ட்டல் சிரையை வைத்துப் பிழைத்துக்கொள்ளும். போர்ட்டல் சிரையின் பெருங்கிளை ரத்தக் கட்டியாலோ புற்றாலோ அடைபட்டிருக்கும் நோயாளிக்கு இந்தச் சிகிச்சையைத் தருவதற்கு மருத்துவர்கள் தயங்குவதும் இதனால்தான். ஒரு வாய்க்கால் ஏற்கெனவே அடைந்திருக்கும்போது மற்றதையும் அடைத்தால் வயலே போய்விடும்.

ஆரம்பத்தில் அறுவை சிகிச்சை நிபுணர்கள் வயிற்றைத் திறந்து கல்லீரல் தமனியின் தாய்க்குழாயையே கட்டிப் பார்த்தார்கள். கட்டி சுருங்கியது, ஆனால் நிலைக்கவில்லை. சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் பக்கத்துக் குழாய்கள் பெருத்து, சந்துபொந்தாக வழி கண்டுபிடித்து, மறுபடி ரத்தம் பாயத் தொடங்கியது. தலைமடையை அடைத்தால் தண்ணீர் வரப்பை அரித்துக்கொண்டு வரும் கதை. எனவே அடைக்க வேண்டிய இடம் தலைமடை அல்ல, கடைமடை. 1970-களின் பிற்பகுதியிலும் 80-களின் தொடக்கத்திலும் ஜப்பானில் ரியூசாகு யமாடா குழுவினர் மெல்லிய குழாயை ரத்தக் குழாய்க்குள்ளேயே செலுத்தி, மருந்தையும் ஜெலட்டின் பஞ்சுத் துணுக்குகளையும் கட்டியின் வாசலில் கொண்டுபோய் விடும் முறையை வளர்த்தார்கள்.

அந்த அறைக்குள் எட்டிப் பார்ப்போம். நோயாளி விழித்திருக்கிறார், தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ மட்டும் மரத்துப்போக ஊசி. அங்கிருந்து கதீட்டர் என்ற அந்த மெல்லிய குழாய் மகாதமனிக்குப் போய், வயிற்றுக்குக் கிளை பிரியும் இடத்தில் திரும்பி, கல்லீரல் தமனிக்குள் நுழைகிறது. அதற்குள்ளிருந்து ஒரு மில்லிமீட்டர்கூடப் பருமன் இல்லாத இன்னொரு நுண்குழாய் நீள்கிறது. சாய மருந்தைச் செலுத்தியதும் திரையில் இலையுதிர்ந்த மரம் போலக் கிளைகள் தெரிகின்றன. ஒரு கிளையின் நுனியில் மட்டும் மை சிந்தியது போல ஒரு திட்டு. அதுதான் கட்டி. பக்கத்து மேசையில் ஒருவர் இரண்டு ஊசிக் குழல்களை இணைத்து, டாக்சோரூபிசின் என்ற சிவப்பு மருந்தையும் கசகசா எண்ணெயையும் இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்குமாகத் தள்ளித் தள்ளி மோர் கடைவது போலக் கலக்குகிறார். அந்தக் குழம்பு சொட்டுச் சொட்டாக உள்ளே போகிறது. பின்னாலேயே அடைக்கும் துணுக்குகள். கடைசியாக மறுபடி சாயம் விட்டுப் பார்க்கிறார்கள். மைத்திட்டு இல்லை. கிளை மொட்டையாக நிற்கிறது.

திரையில் வேலை முடிந்துவிட்டது. செல்களுக்குள் அப்போதுதான் தொடங்குகிறது.

ரத்தக் குழாயிலிருந்து ஆக்சிஜன் கசிந்து செல்லக்கூடிய தூரம் மிகக் குறைவு. சுமார் 100 முதல் 200 மைக்ரான். நம் தலைமுடி ஒன்றிரண்டின் பருமன்தான். 1955-இல் தாம்லின்சன், கிரே என்ற இருவர் நுரையீரல் கட்டிகளை மெல்லிய சீவல்களாக நுண்ணோக்கியில் பார்த்தபோது, குழாயிலிருந்து அந்த தூரத்துக்கு அப்பால் இருந்த செல்கள் செத்துக் கிடந்ததைக் கண்டார்கள். குழாயை ஒட்டி உயிருள்ளவை, தொலைவில் செத்தவை. இரண்டுக்கும் நடுவில் ஓர் எல்லைக்கோடு: சாகவும் இல்லை, நன்றாக மூச்சு விடவும் இல்லை. இந்த நடுநிலைக்கு ஹைப்பாக்சியா, அதாவது ஆக்சிஜன் தட்டுப்பாடு என்று பெயர். அடைப்புக்குப் பிறகு கட்டியின் நடுப்பகுதி பெரும்பாலும் நேரடியாகச் செத்துவிடுகிறது. விளிம்பில், குறிப்பாகப் பக்கத்துக் கல்லீரலிலிருந்து கொஞ்சம் ஆக்சிஜன் கசியும் இடத்தில், இந்த எல்லைக்கோடு ஒரு வளையமாக விரிகிறது.

அந்த வளையத்தில் இருக்கும் ஒரு செல்லுக்கு ஆக்சிஜன் குறைந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? அதற்கு மூக்கு இல்லை, நரம்பு இல்லை. இந்தக் கேள்விக்கான விடைதான் 2019-இல் கிரெக் செமென்சா, வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப் மூவருக்கும் மருத்துவ நோபல் பரிசை வாங்கித் தந்தது.

ஓர் அலுவலகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அங்கே ஒரு குமாஸ்தா நாள் முழுவதும் ஒரே கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறார்: “ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது, அவசரம்.” எழுதி முடித்த கையோடு பக்கத்தில் இருப்பவர் அதைக் கிழித்துப் போடுகிறார். எழுதுகிறார், கிழிக்கிறார். ஒரு கடிதத்தின் ஆயுள் சில நிமிடங்கள்தான். வீண்வேலை போலத் தோன்றும். ஆனால் கிழிப்பவருக்குக் கூலி ஆக்சிஜனில் தரப்படுகிறது. ஆக்சிஜன் வரவு நின்றால் அவர் கை ஓய்ந்துவிடும். கடிதம் கிழிபடாமல் மேலிடத்துக்குப் போய்ச் சேரும். யாரும் தனியாக எச்சரிக்கை மணி அடிக்க வேண்டியதில்லை. கிழிக்க ஆளில்லை என்பதே எச்சரிக்கை.

அந்தக் கடிதத்தின் பெயர் ஹிஃப்-1 ஆல்ஃபா. இது ஒரு புரதம். செமென்சா 1990-களின் தொடக்கத்தில், ரத்தச் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொய்ட்டின் என்ற ஹார்மோனை ஆராயும்போது இதைக் கண்டுபிடித்தார். கிழிப்பவர், புரோலின் ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி. அது ஆக்சிஜன் மூலக்கூறு ஒன்றை எடுத்து, அதில் ஓர் அணுவை ஹிஃப் புரதத்தின் மீது முத்திரையாகப் பதிக்கிறது. முத்திரை விழுந்த புரதத்தை வி.ஹெச்.எல். என்ற இன்னொரு புரதம் அடையாளம் கண்டு, செல்லின் குப்பை அரைக்கும் இயந்திரத்துக்கு அனுப்புகிறது. நான் இந்த விஷயத்தில் மிகவும் ரசிப்பது இதைத்தான்: ஆக்சிஜன் இங்கே செய்தி அல்ல, கச்சாப்பொருள். அது இல்லாவிட்டால் முத்திரை குத்துவது என்ற வேலையே நடக்காது.

நம் உடலில் இது நோய்க்காக வந்த ஏற்பாடு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். மலை உச்சியில் சில வாரம் தங்கினால் ரத்தத்தில் சிவப்பணு கூடுவது இதனால்தான். இந்தக் கிழிக்கும் நொதியை வேண்டுமென்றே தடுத்து, சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகையைக் குறைக்கும் மாத்திரைகள்கூட இருக்கின்றன. அவற்றில் ஒன்றான டெசிடுஸ்டாட் 2022-இல் இந்தியாவில் அனுமதி பெற்றது. கட்டி புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. உடல் தன் நன்மைக்கு வைத்திருந்த அவசரத் திட்டத்தை எடுத்துக்கொண்டது, அவ்வளவே.

கிழிபடாத ஹிஃப், செல்லின் உட்கருவுக்குள் போய்த் தன் இணையான ஹிஃப்-1 பீட்டா என்ற புரதத்தோடு சேர்ந்து நூற்றுக்கணக்கான மரபணுக்களை முடுக்குகிறது. எல்லாவற்றையும் சொன்னால் அட்டவணை ஆகிவிடும். கல்லீரல் கட்டிக்கு முக்கியமானவை சில. ஆக்சிஜன் தேவைப்படாத பழைய அடுப்புக்குச் செல் மாறுகிறது: சர்க்கரையை அள்ளி அள்ளி இழுத்து, அரைகுறையாக எரித்து, லாக்டிக் அமிலத்தை வெளியே கொட்டுகிறது. மருந்தை வெளியே இறைத்துத் தள்ளும் புரத பம்புகளைக் கூட்டுகிறது. இடம்விட்டு நகரும் குணம் சில செல்களுக்கு வருகிறது. இன்னொரு பக்கம், தன் உள் உறுப்புகளையே கொஞ்சம் கொஞ்சமாகச் செரித்து உயிரைப் பிடித்துக்கொள்ளும் தன்னுண்ணல் என்ற வழியையும், பெருகுவதை நிறுத்திவிட்டு உறங்கும் வழியையும் பட்டினிச் செல்கள் எடுக்கின்றன. பிரியும் செல்களைத் தாக்குவதுதான் பெரும்பாலான கீமோ மருந்துகளின் வேலை. உறங்குகிற செல்லிடம் அவை என்ன செய்யும்? கோரைக்கிழங்கு என்று தொடக்கத்தில் சொன்னது இந்தச் செல்களைத்தான்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய கட்டளை வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைத் தயாரிக்கச் சொல்வது. புதிய ரத்தக் குழாயை முளைக்கச் செய்யும் அழைப்பு அது. கட்டி ஓரிரு மில்லிமீட்டரைத் தாண்டி வளரப் புதிய குழாய்கள் வேண்டும், ஆகவே அவற்றைத் தடுத்தால் கட்டியைத் தடுக்கலாம் என்று ஜூடா ஃபோக்மன் 1971-இல் எழுதினார். அடைப்புச் சிகிச்சையின் சிக்கல் இங்கே பளிச்சென்று தெரிகிறது. குழாயை அடைக்கிறோம், ஆக்சிஜன் குறைகிறது, ஹிஃப் நிலைக்கிறது, வி.இ.ஜி.எஃப். பெருகுகிறது, புதிய குழாய் முளைக்கிறது. நாம் அடைத்த காரணத்தாலேயே.

இது வெறும் ஊகம் அல்ல. வி.எக்ஸ்.2 என்ற முயல் கட்டி இந்தத் துறையின் நிரந்தர ஆய்வுப் பொருள். முயலின் கல்லீரலில் அதை வளர்த்து, மனிதருக்குச் செய்வது போலவே தமனியை அடைத்துப் பார்க்க முடியும். 2007-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்த அத்தகைய ஆய்வுகளில், அடைக்கப்பட்ட கட்டிகளில் ஹிஃப் கூடியிருந்ததும், அது புதிய குழாய்களின் அடர்த்தியோடு சேர்ந்தே கூடியதும் தெரியவந்தன. மனிதர்களிடமும் சிகிச்சைக்குப் பிந்தைய நாட்களில் ரத்தத்தில் வி.இ.ஜி.எஃப். அளவு ஏறுவதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அதிகமாக ஏறியவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பும் கூடுதலாக இருப்பது அவற்றில் தெரிந்தது.

இங்கே வாசகர் ஒரு தவறான முடிவுக்கு வந்துவிடக் கூடாது. வீட்டில் யாருக்காவது இந்தச் சிகிச்சை நடந்திருந்தால், “அப்படியானால் கட்டியை உசுப்பிவிட்டோமா?” என்று மனம் பதறும். இல்லை. 2002-இல் இரண்டு முறையான ஒப்பீட்டு ஆய்வுகள் வெளியாயின. பார்சிலோனா ஆய்வில் சிகிச்சை பெற்றவர்களில் 63 சதவீதம் பேர் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். ஆதரவுச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 27 சதவீதம். ஹாங்காங் ஆய்வில், நோய் இன்னும் முற்றியிருந்தவர்களிடையே, அது 31-க்கு 11. கல்லீரலின் செயல்திறன் ஓரளவு நன்றாக இருந்து, கட்டியை வெட்டியெடுக்கவோ சுட்டெரிக்கவோ முடியாத பலருக்கு இந்த முறை நிலையான சிகிச்சையானது இந்த எண்களால்தான். உசுப்பப்படுவது மிஞ்சியிருக்கும் சிறு பங்கு, சாவது பெரும்பங்கு. ஆகவே அடைப்பது அரைகுறையாக இருக்கக் கூடாது என்பதுதான் இதிலிருந்து மருத்துவர்கள் எடுத்துக்கொண்ட பாடம். கட்டிக்குப் போகும் நுண்கிளைவரை போய், முடிந்த அளவு முழுமையாக அடைக்கிறார்கள். அரைப்பட்டினிதான் ஹிஃபுக்கு மிகவும் சாதகமான நிலம்.

சிகிச்சைக்குப் பின் சில நாட்கள் காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழே வலி, குமட்டல் எல்லாம் வரும். திசு செத்துக்கொண்டிருப்பதன் எதிரொலி அது. பெரும்பாலும் சில நாட்களில் அடங்கிவிடும். ஆனால் காய்ச்சல் நீடித்தாலோ, கண் மஞ்சளாகினாலோ, வயிறு வீங்கினாலோ, பேச்சு குழறினாலோ அதை எதிரொலி என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

அழைப்புக் கடிதத்தை வழியிலேயே மறிக்க முடியாதா என்ற யோசனை யாருக்கும் தோன்றும். மருத்துவர்களுக்கும் தோன்றியது. வி.இ.ஜி.எஃப். அழைப்பைக் கேட்கும் காதுகளைப் பொத்தும் சோராஃபெனிப் மாத்திரை 2007-இல் கல்லீரல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றதும், அதை அடைப்போடு சேர்த்துத் தந்து பார்த்தார்கள். காகிதத்தில் அவ்வளவு பொருத்தமாக இருந்த ஜோடி, களத்தில் ஏமாற்றியது. பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில் எந்தப் பலனும் தெரியவில்லை. ஜப்பானில் நடந்த டாக்டிக்ஸ் ஆய்வில் நோய் முன்னேறாத காலம் 13.5 மாதத்திலிருந்து 25.2 மாதமாக நீண்டது. ஆனால் மொத்த ஆயுள் கூடவில்லை. மருந்தை எப்போது தொடங்குவது, எவ்வளவு நாள் தருவது, முன்னேற்றம் என்பதை எப்படி அளப்பது என்பதிலெல்லாம் ஆய்வுக்கு ஆய்வு வேறுபாடு இருந்தது. என் பார்வையில் இன்னொன்றும் உண்டு: ஹிஃப் எழுதும் கடிதம் ஒரே முகவரிக்குப் போவதில்லை. நூற்றுக்கணக்கான மரபணுக்களில் ஒன்றின் வாயை மட்டும் அடைத்துவிட்டு முழு அமைதியை எதிர்பார்ப்பது கொஞ்சம் பேராசைதான்.

அடுத்த சுற்று நோய் எதிர்ப்பு மருந்துகளோடு. வி.இ.ஜி.எஃப். குழாயை மட்டும் முளைக்கச் செய்வதில்லை. நம் வெள்ளணுக்கள் கட்டிக்குள் நுழைந்து தாக்குவதையும் மங்கச் செய்கிறது. ஆகவே அதை மறிக்கும் பெவாசிசுமாப், வெள்ளணுக்களின் கட்டை அவிழ்க்கும் டுர்வாலுமாப், கூடவே அடைப்பு என மூன்றையும் சேர்த்த எமரால்ட்-1 ஆய்வில் நோய் முன்னேறாத காலம் 8.2 மாதத்திலிருந்து 15 மாதமானது. இதே இரு வகைகளைச் சேர்ந்த லென்வாட்டினிப், பெம்ப்ரோலிசுமாப் இரண்டையும் அடைப்போடு சேர்த்த லீப்-012 ஆய்வில் 10 மாதம் 14.6 ஆனது. முதலில் வெளியான முடிவுகளில் ஆயுட்காலம் கூடியது உறுதிப்படவில்லை, பக்கவிளைவுகளும் கூடுதல். நம்பிக்கை தருபவை என்று சொல்லலாம். வழக்கு முடிந்தது என்று சொல்ல முடியாது.

இவற்றைவிட எனக்குப் பிடித்த யோசனை வேறொன்று. தட்டுப்பாட்டைத் தடுப்பதற்குப் பதிலாக அதையே பயன்படுத்திக்கொள்வது. டிராபசமைன் என்ற மருந்து ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் கிட்டத்தட்டச் சாதுவாக இருக்கும். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் மட்டும் மரபணுவை வெட்டும் நச்சாக மாறும். முதலில் மருந்தைக் கட்டிக்குள் விட்டு, பிறகு குழாயை அடைத்தால், எந்தச் செல்லுக்கு மூச்சுத் திணறுகிறதோ அதற்குள்தான் குண்டு வெடிக்கும். சிறு அளவிலான மனிதச் சோதனை நடந்திருக்கிறது, நடைமுறைக்கு வரவில்லை.

நேர் எதிரான உதாரணமும் ஒன்று இருக்கிறது. இட்ரியம்-90 என்ற கதிரியக்கப் பொருள் ஏற்றிய நுண்மணிகளை இதே தமனி வழியாகக் கட்டிக்குள் அனுப்பும் சிகிச்சை. அதே கதீட்டர், அதே பாதை. ஆனால் அங்கே ரத்த ஓட்டம் நின்றுவிடக் கூடாது என்று மருத்துவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். கதிர்வீச்சு செல்லைச் சேதப்படுத்த ஆக்சிஜனின் துணை வேண்டும்; மூச்சுத் திணறும் செல் கதிரைத் தாங்கிக்கொள்ளும். அதனால்தான் அந்த மணிகள் ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடாத அளவுக்கு மிகச் சிறியவை. ஒரே வாய்க்கால்; ஒருவர் மடையை அடைக்கிறார், இன்னொருவர் திறந்தே வைத்திருக்கிறார்.

அடைப்பு முடிந்து நான்கு முதல் ஆறு வாரத்தில் மறுபடி ஸ்கேன் எடுப்பார்கள். அந்தப் படத்தில் கட்டி இருந்த இடத்தில் கசகசா எண்ணெய் வெள்ளை வெளேரென்று உறைந்து கிடக்கும். மருத்துவர் கட்டியின் மொத்த அளவை அளந்துவிட்டு நிறுத்துவதில்லை. செத்த திசுவும் சில காலம் அதே பருமனில் இருக்கும். சாய மருந்து தமனியில் பாயும் அந்தச் சில நொடிப் படங்களைத் தனியே எடுத்து, வெள்ளைத் திட்டின் ஓரமாகப் பார்வையை மெல்லச் சுற்றிக் கொண்டுவருகிறார். சாயம் ஏறாமல் இருட்டாக இருக்கும் இடம் செத்தது. எங்காவது பிறைபோல மெல்லிய ஒளிக்கோடு தெரிகிறதா? தெரிந்தால் ஹிஃபின் கடிதம் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. புதுக் குழாய் முளைத்திருக்கிறது. கல்லீரல் தாங்குமானால் இன்னொரு முறை கதீட்டரோடு போக வேண்டியிருக்கும்.